நிலக்கடலைக்குள் ஒரு வண்டித்தடம்

ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம் கேமரா வாங்கினேன். எட்டாவது மாதம் வரை அதில் ஒரு படம்கூட எடுக்கவில்லை. கூடவே வந்த கையேட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். நானூற்றுச் சொச்சம் பக்கம். எந்தச் சுற்றறிக்கையையும் கடைசி வரி வரை படிக்காமல் நடைமுறைப்படுத்தியவன் அல்ல நான். நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் அப்படித்தான் ஓட்டினேன். ஒரு கேமராவுக்காக அதை மாற்றிக்கொள்ள முடியாது.

"வாங்கினது கேமராவா, புஸ்தகமா?" என்று என் மனைவி கேட்டாள்.

அந்தச் சமயத்தில்தான், ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் காலையில் நடப்பவர்களின் வாட்ஸப் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. நிலக்காட்சி ஒளிப்படப் பயிலரங்கு. சனி, ஞாயிறு. துறையூருக்கு அப்பால், பச்சைமலை அடிவாரத்து மேட்டு நிலங்கள். வேன், சாப்பாடு, லாட்ஜ் உட்பட. இணைப்பில் ஒரு விண்ணப்பப் படிவம்.

படிவம் என்று ஒன்று கண்ணில் பட்டால் அதை நிரப்பாமல் என்னால் தூங்க முடியாது. 'முன் அனுபவம்' என்பதற்குப் போதிய இடம் விடப்படவில்லை, தனித்தாள் இணைத்தேன். கடைசியில் 'வழுக்கி விழுந்தால் நாங்கள் பொறுப்பல்ல' என்று ஓர் உறுதிமொழி. அதில் தேதிக்கு இடமில்லை, சாட்சிக்கு இடமில்லை, 'நாங்கள்' யார் என்ற விளக்கமும் இல்லை. மூன்றையும் சிவப்பில் சேர்த்து, 'பொறுப்பல்ல' என்பதையும் 'பொறுப்பு' என்று திருத்தி அனுப்பினேன். பதிலாகக் கும்பிடும் கை ஒன்று மட்டும் வந்தது. அதை ஏற்பளிப்பாகக் கருதினேன்.

"முப்பத்து நாலு வருஷம் அந்த மேட்டையும் பள்ளத்தையும் பார்த்தது போறாதா?" என்றாள் மனைவி.

"அது அளக்கறது. இது பார்க்கறது."

"அளக்காம பார்க்கத் தெரியுமோ உங்களுக்கு?"

நான் பையைக் கட்டினேன். அவள் புளியோதரையைக் கட்டினாள்.

பயிலரங்கை நடத்தியவர் உறையூரில் ஸ்டூடியோ வைத்திருப்பவர். வளைகாப்பிலிருந்து அறுபதாம் கல்யாணம் வரை எடுப்பவர். "மாசத்துல ரெண்டு நாளாவது, 'எனக்குக் கண்ணு மூடியிருக்கு, இன்னொண்ணு எடுங்க'ன்னு சொல்லாத ஒண்ணை எடுக்கணும்னு தோணுச்சு சார். மலை அப்படிச் சொல்லாது" என்றார். நாங்கள் எட்டுப் பேர். எனக்குப் பக்கத்து இருக்கையில் தில்லைநகர் பல் டாக்டர் அம்மாள் ஒருவர். கொள்ளிடம் பாலம் தாண்டி, டோல்கேட் தாண்டி, மண்ணச்சநல்லூர் வரும்வரை என் கையேட்டு அறிவைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு காதில் எதையோ செருகிக்கொண்டார்.

விடியும் நேரத்துக்கு வேன் எங்களை ஒரு மண்பாதையில் இறக்கியது. அந்தப் பக்கத்து நிலம் தட்டையாக இருக்காது. மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும், செம்மண் அலை போல. மேட்டில் மக்காச்சோளம் காய்ந்து நின்றது. பள்ளத்தில் கடலை பச்சையாக. நடுவில் பாறை மண்டிய சிறு குன்றாக ஒரு கரடு, பின்னால் பச்சைமலை, இடையில் தை மாதப் பனி.

"அந்தக் கரடு சொத்தைக் கடைவாய்ப்பல் மாதிரியே இருக்கு" என்றார் பல் டாக்டர். தொழில் அவரை விட்டபாடில்லை. என்னையும்தான். நான் முதலில் எடுத்த பதினோரு படங்களிலும் எல்லைக்கல் இருந்தது.

உறையூர்க்காரர் என் திரையை எட்டிப் பார்த்தார். "சார், ஏன் எல்லாப் படத்துலயும் நட்ட நடுவுல ஒரு கல்லு?"

"அது முச்சந்திக் கல். மூணு கிராமத்து எல்லை சேருற இடம். அதைப் புதருக்குள்ள கண்டுபிடிக்கறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?"

"தெரியாது சார். படத்தைப் பார்க்கிறவனுக்கும் தெரியாது. ஒரு கோடு தேடுங்க. வரப்போ, பாதையோ, வாய்க்காலோ. கண்ணை உள்ளே கூட்டிக்கிட்டுப் போகணும் அது."

கோடு தேடச் சொல்லி எனக்கே பாடம். நான் ட்ரைபாடின் மூன்று காலையும் ஊன்றி, மட்டக்குமிழி நடுவில் நிற்கிறதா என்று குனிந்து சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சோளக்காட்டுப் பக்கமிருந்து ஒரு பெண் ஓடிவந்தார். ஐம்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆண்சட்டை. கையில் நகைக்கடைத் துணிப்பை.

வரிசையாக நின்ற எட்டு ட்ரைபாடுகளையும் எட்டுப் பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு முழுக்கைச் சட்டை போட்டு, பையில் இரண்டு பேனா செருகியிருந்த ஒரே ஆளிடம் வந்தார்.

"ஐயா, வந்துட்டீங்களா! வரிசைப்படி அடுத்த மாசந்தான் அளக்க வருவோம்னாங்களே. நல்லவேளை, புதன்கெழமைக்கு முன்னாடியே வந்துட்டீங்க."

அந்த இடத்தில் நான், 'அம்மா, நாங்கள் அளக்க வந்தவர்கள் இல்லை, படம் எடுக்க வந்தவர்கள்' என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே வாக்கியம். ஆனால் அவர் பையிலிருந்து காகிதத்தை எடுத்ததும் என் கை தானாக நீண்டது. முப்பத்து நான்கு வருடத்துக் கை. அதை நான் நீட்டவில்லை, அது நீண்டது.

"மனு எப்போ கொடுத்தீங்க? ரசீது இருக்கா?"

அதோடு அவருக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. படம் எடுக்க வந்த எவன் ரசீது கேட்பான்?

விஷயம் இதுதான். அவருடைய இரண்டு ஏக்கர் மக்காச்சோளம் மேட்டில் நிற்கிறது. ரோட்டிலிருந்து அங்கே போக ஒரு வண்டித்தடம். அது பள்ளத்துக் கடலைக்காட்டை ஊடறுத்துப் போகும். அந்தக் காடு அவர் கணவரின் சித்தப்பா மகனுடையது; இவருக்குக் கொழுந்தன் முறை. மூன்று வருடத்துக்கு முன் கொழுந்தன் தடத்தையும் சேர்த்து உழுது கடலை போட்டுவிட்டார். கேட்டால், "தடமா? எந்தத் தடம்? இருந்தா காட்டட்டும்" என்கிறார். போன வருடம் இவரும் இரண்டு பெண்களும் கதிரை மூட்டை கட்டி வரப்பு வழியாகத் தலைச்சுமையாகவே கொண்டுவந்தார்கள்.

"இந்த வருசம் கழுத்து ஒத்துக்கல ஐயா. அறுக்கிற மிஷினுக்குச் சொல்லியிருக்கேன். புதன்கெழம நம்ம ஊரு முறை. அன்னிக்கு உள்ள வரலைன்னா அடுத்த ஊரு போயிடும். அப்புறம் மாசம் ஆயிடும். பன்னி இப்பவே ராத்திரியில இறங்குது."

"வீட்டுக்காரர்?"

"லாரியில போயிருக்காரு. இப்ப நாக்பூர் பக்கம்."

நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தின் நகலையும் காட்டினார். கடலைக்காட்டின் குறுக்கே இரண்டு புள்ளிக்கோடுகள். வண்டிப்பாதை, சந்தேகமேயில்லை. மனுவில் மட்டும் உட்பிரிவு எண் விட்டுப்போயிருந்தது. என் பேனாவால் எழுதிச் சேர்த்தேன்.

"சார், லைட் போகுது" என்று உறையூர்க்காரர் பின்னாலிருந்து கிசுகிசுத்தார்.

"எப்ப அளப்பீங்க ஐயா?"

"இன்னிக்குப் பார்வையிடறதோட சரி" என்றேன்.

அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று இன்றும் வாதாடுவேன். ஆனால் அரை மணியில் அவர் எட்டுப் பேருக்கும் தூக்குவாளியில் டீ கொண்டுவந்தபோது என் வாதம் கொஞ்சம் பலவீனப்பட்டது.

"ஏன் இவங்க நமக்கு டீ தர்றாங்க?" என்றார் பல் டாக்டர்.

"நல்ல மனுஷி."

"உங்களுக்கு மட்டும் ரெண்டு டம்ளர் தர்றாங்களே?"

நான் பச்சைமலையை ஆழ்ந்து கவனிக்கலானேன்.

அன்று பகலெல்லாம் எனக்கு ஒரு படமும் தேறவில்லை. ராத்திரி லாட்ஜிலிருந்து மனைவியிடம் போனில் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாளைக்குக் கார்த்தால எழுந்த உடனே அந்தப் பொண்ணுகிட்ட நிஜத்தைச் சொல்லுங்கோ. அப்புறம் போட்டோ எடுத்துக்கலாம்" என்றாள். அவள் சொன்ன வரிசையில் நடக்கவில்லை. ஞாயிறு விடியலில் உறையூர்க்காரர் எங்களை நேரே கரட்டின் மேல் ஏற்றிவிட்டார். நான் வழுக்கவில்லை, வழுக்கியிருந்தாலும் திருத்தப்பட்ட படிவத்தின்படி அவர்தான் பொறுப்பு.

மேலேயிருந்து பார்த்தால் எல்லைக்கல் எதுவும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் எதிரில் தெரிந்ததை எடுத்தேன். வெயில் பக்கவாட்டில் படுத்து வந்தது. ஒன்பது படம்.

கீழே இறங்கி, புளியமரத்தடியில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே மடிக்கணினியில் எல்லோருடைய படத்தையும் பார்த்தோம். என்னுடைய ஆறாவது படத்தில் உறையூர்க்காரர் விரலை நிறுத்தினார்.

"சார்! இது... இது யாரு எடுத்தது? நீங்களா?"

"ஏன், என்ன குறை?"

"குறையா? இந்தக் கோட்டைப் பாருங்க சார். ரோட்டுல தொடங்கி, இந்தப் பச்சைக்குள்ள அப்படியே வளைஞ்சு மேல ஏறி அந்தச் சோளத்துல போய் முடியுது. என்னா கோடு!"

பார்த்தேன். கடலைப் பச்சைக்குள் மங்கலாக ஒரு பட்டை. அந்தப் பட்டையில் மட்டும் செடி குட்டை. பக்கத்துச் செடியின் நிழல் அதன் மேல் விழுந்திருந்தது. தலைமுறை தலைமுறையாக வண்டி ஓடி இறுகிய மண்ணை மூன்று உழவு என்ன செய்துவிடும்? வேர் இறங்கவில்லை. தரையில் நின்றால் தெரியாது. கரட்டின் மேல் நின்று, படுத்த வெயிலில் பார்த்தால் புலப்படத்துப் புள்ளிக்கோடு அப்படியே நிலத்தில் கிடந்தது.

இட்லியை வைத்துவிட்டு எழுந்து சோளக்காட்டுக்கு நடந்தேன்.

"அம்மா, நான் ரிட்டயர் ஆனவன். அளக்கற வேலைதான் பார்த்தேன், இப்போ இல்லை. இவங்க எல்லாம் போட்டோ எடுக்க வந்தவங்க. நேத்தே சொல்லியிருக்கணும். தப்பு என்மேல."

அவர் என் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்தார். பிறகு, "போட்டோவா? எதை?" என்றார்.

"இந்த இடத்தைத்தான்."

"இங்க என்ன இருக்கு?" சிரிப்பு வரவில்லை அவருக்கு. "நான் ராத்திரி அவருக்குப் போன் போட்டு, அளக்க வந்துட்டாங்க, நீங்க கவலப்படாம வண்டி ஓட்டுங்கன்னு சொல்லிட்டேனே ஐயா."

கேமராவின் சின்னத் திரையை அவர் முன் நீட்டினேன். முதலில் தன் வீட்டைக் கண்டுபிடித்தார். பிறகு கிணறு. பிறகு விரல் மெல்ல நகர்ந்து வந்து நின்றது.

"ஐயோ. இது நம்ம தடம்ல!"

உடனே அதை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போக வேண்டும் என்றார். ஆபீசுக்குப் போனால் என்ன ஆகும் என்று எனக்கு வரிசையாகத் தெரியும். மனுவோடு இணைப்பார்கள், எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ், பதிலுக்கு அவகாசம், தல ஆய்வு. எல்லாம் சரியான நடைமுறை. அதில் சிலவற்றைக் காரசாரமாக ஆதரித்துக் குறிப்பு எழுதியவனே நான்தான். ஆனால் அதில் எந்தக் கட்டமும் புதன்கிழமைக்குள் வராது.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி என்ன நடந்தது? சும்மாவா உழுதார்?"

"ஒண்ணும் நடக்கல ஐயா. எங்க பெரிய பொண்ணு கல்யாணம். அப்புறம் ஆடியில உழுதுட்டாரு."

"கல்யாணத்துக்கு வந்தாரா?"

"வரல."

"பத்திரிகை யார் கையில கொடுத்தீங்க?"

"அவரு வீட்டம்மா கையில. அவரு மோட்டார் போடக் காட்டுக்குப் போயிருந்தாரு. இன்னும் ஆறு வீடு பாக்கி, இருட்டுது, நான் ஒத்தை ஆளு..."

"திரும்பப் போகலை."

"போகல."

எனக்கு விளங்கிவிட்டது. இத்தனை வருடமாகப் பார்க்கும் குறைபாடுதான். நோட்டீஸ் உரியவரிடம் நேரில் சார்வு செய்யப்படவில்லை, அதாவது அவர் கையில் சேரவில்லை. வீட்டில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு வந்தால் செல்லாது. எத்தனை கோப்பு இதனாலேயே திரும்பியிருக்கிறது! நடைமுறை தெரிந்த மனிதர் அந்தக் கொழுந்தன். தன் ஆட்சேபணையைக் கலப்பையால் பதிவு செய்திருக்கிறார்.

"பத்திரிகை மிச்சம் இருக்கா?"

"அம்பது இருக்கு. எதுக்கு ஐயா?"

"ஒண்ணு போதும்."

உறையூர்க்காரருக்குத் துறையூரில் ஸ்டூடியோ வைத்த நண்பர் உண்டு. பதினொரு மணிக்குள் படம் பெரிதாக அச்சாகி, சட்டம் போட்டு வந்துவிட்டது. மதிய வகுப்பை ரத்து செய்துவிட்டு வேனோடு அவரும் வந்தார். பல் டாக்டர், "எதுக்குப் போறோம்னு யாராவது சொல்லுங்களேன்" என்றபடியே வந்தார்.

கொழுந்தன் வீட்டு வாசலில் அந்தப் பெண் தயங்கினார். எவர்சில்வர் தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மூன்று வருடப் பழைய கல்யாணப் பத்திரிகை, அதன் மேல் சட்டம் போட்ட படம்.

"தடத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது" என்றேன்.

"அப்புறம் எதுக்குப் போறேன்?"

"கொடுக்கறதுக்கு. அவர் கையில."

கொழுந்தன் சாப்பிட்டு எழுந்த கையோடு வெளியே வந்தார். எங்களைப் பார்த்தார், ட்ரைபாடைப் பார்த்தார். "அளக்கவா? ஞாயித்துக்கெழமையிலா?"

"நான் ஆபீசர் இல்லீங்க. ரிட்டயர் ஆனவன். படம் எடுக்க வந்தோம்" என்றேன். இரண்டாம் முறை சொல்வது எளிதாக இருந்தது.

அவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி தட்டை நீட்டினார். "உங்க காட்டைப் படம் புடிச்சிருக்காங்க தம்பி. உங்க கையில குடுக்கணும்னு வந்தேன்."

தட்டை வாங்கவில்லை. பிறகு படத்தை மட்டும் எடுத்தார். எடுத்ததும் அதிலேயே கண் நின்றுவிட்டது.

"இது நம்ம காடா! ஏய், இங்க வா. இதப் பாரு. நம்ம தென்ன மூணும் படத்துல வுழுந்திருக்கு. மோட்டார் ரூம்பு. அட, நாய் படுத்திருக்குடி!"

அவர் மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. குறுக்க இதென்ன கோடு?"

கொழுந்தன் படத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார், வெளிச்சத்தின் குற்றமோ என்று. பல் டாக்டர் ஏதோ விளக்க வாயைத் திறந்தார். வழக்கமாக அவருடைய நோயாளிகள் செய்வதை அன்று அவரே செய்தார். உறையூர்க்காரர் கையைக் காட்டி மூட வைத்தார்.

கொழுந்தன் தட்டிலிருந்த பத்திரிகையை எடுத்தார்.

"பத்திரிக வெக்க மூணு வருசம் ஆச்சாக்கும்?"

"அன்னிக்கு நீங்க வீட்ல இருந்திருக்கணும்."

"மோட்டார யாரு போடறது, நீங்க போடுவீங்களா அண்ணி?"

"நான் போட்டதில்லையா? உங்களுக்கு டைபாய்டு வந்தப்ப பதினஞ்சு நாளு யாரு போட்டா?"

அவர் பத்திரிகையைப் பிரித்துப் படித்தார். நிதானமாக, மேலிருந்து கீழே. அடியில் அழைப்பவர்கள் பட்டியலில் பெண்ணின் சித்தப்பா என்று அவர் பெயரே முதலில் இருந்தது.

"என் பேரைப் போட்டிருக்கீங்க."

"வேற யாரு பேரைப் போடறது?"

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் அவர் மனைவி. "அதத் தொடவே மாட்டேன்னு பரண்ல தூக்கிப் போட்டீங்க."

மூன்று வருடக் காலதாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு அத்தனை சீக்கிரம் ஏற்கப்பட்டதை நான் பார்த்ததில்லை. அவர் வாய்விட்டு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. படத்தை மறுபடி எடுத்து, குட்டைச் செடிப் பட்டையின் மேல் கட்டைவிரலை ஓட்டினார்.

"இந்த எடத்துல கடலையே சரியா வெக்கல, மூணு வருசமா. நானும் வெதை சரியில்லன்னு கடைக்காரன்கிட்ட சண்ட போட்டுக்கிட்டு இருந்தேன்." பிறகு அண்ணியைப் பார்க்காமல் கேட்டார்: "மிஷின் என்னிக்கு வருது?"

"புதன்."

"எத்தன அடி அகலம் வேணும் அதுக்கு?"

அண்ணிக்குத் தெரியவில்லை. கொழுந்தன் மனைவிக்கும் தெரியவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஐயா, நீங்க அந்த வேலை பாத்தவருதானே. வந்தது வந்தீங்க. அளந்துதான் குடுங்களேன்" என்றார் கொழுந்தன்.

அன்று மாலை பயிலரங்கின் நிறைவு வகுப்பு. பொன் வெயிலில் பச்சைமலை எப்படி நிறம் மாறுகிறது என்பதைக் காட்டுவதாக நிகழ்ச்சி நிரலில் இருந்தது. எட்டுப் பேரில் ஒருவன் வரவில்லை. அவன் கடலைக்காட்டில் புலப்பட நகலைக் கையில் வைத்துக்கொண்டு எட்டு வைத்து அடி எண்ணிக்கொண்டிருந்தான். சங்கிலி இல்லை, டேப் இல்லை. என் ஒரு எட்டு இரண்டரை அடி; அதில் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. அண்ணியும் கொழுந்தனும் ஆளுக்கொரு பக்கம் குச்சி நட்டு வந்தார்கள், விட்டுப்போன மூன்று வருடச் சண்டையையும் சேர்த்துப் போட்டபடி. குட்டைச் செடிகளை அன்றே பிடுங்கி மாட்டுக்குப் போட்டார்கள். பச்சைமலை நிறம் மாறியதாகப் பிறகு பல் டாக்டர் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டது ஒரே கேள்வி.

"அளந்தேளா?"

"அளந்தேன்."

"தெரியும்" என்று சொல்லிவிட்டுத் சமைக்கத் தளிகை உள்ளுக்குப் போனாள்.

புதன்கிழமை மதியம் என் போனுக்கு அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு படம் வந்தது. கால்வாசி அவர் கட்டைவிரல். அடிவானம் சாய்ந்து கிடந்தது. கோடு எங்கும் கண்ணைக் கூட்டிப்போகவில்லை. மிச்ச முக்கால்வாசியில் அறுக்கிற மிஷின் புழுதி கிளப்பியபடி கடலைக்காட்டின் நடுவே மேலேறிக்கொண்டிருந்தது. உறையூர்க்காரருக்கு அனுப்பினேன். மூன்று கும்பிடும் கைகள் வந்தன.

சாயங்காலம் கொழுந்தன் பேசினார்.

"ஐயா, அந்தப் போட்டோவ ஹால்ல மாட்டியிருக்கேன். வர்றவன் எல்லாம் இதென்ன மங்கலா ஒரு கோடுன்னு கேக்குறான். இப்ப மிஷின் போயி தடம் பளிச்சுன்னு கெடக்கு. புதுசா ஒண்ணு எடுத்துக் குடுங்க. பெருசா."

"எப்போ வரட்டும்?"

"போன்ல கூப்புடறேன்னு நெனைச்சுக்காதீங்க. மொறையா நேர்ல வந்து கூப்புடறேன். ஞாயித்துக்கெழம ஸ்ரீரங்கம் வரேன்."

போனை வைத்துவிட்டு, பரணில் போன பத்திரிகையிலிருந்து எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன்.

"வரட்டும், பேஷா வரட்டும்" என்றாள். "அன்னிக்கு மட்டும் ஆத்துலேயே இருங்கோ. நாலு படம் எடுக்கறேன்னு அம்மாமண்டபப் படித்துறைப் பக்கம் போயிடாதீங்கோ. அழைப்பை என் கையில கொடுத்துட்டுப் போனார்னா, அப்புறம் நீங்க எதை உழப்போறேளோ."